கரும்பைப் போத்தலில் வளர்க்கலாமா?

கேள்வி: அண்ணை, போன பொங்கலுக்கு வாங்கின கரும்பின் நுனித்துண்டுகளை வளவுக்குள் ஊன்றினேன், இப்ப நாலு பற்றை நிற்குது. வாழைக்குச் செய்வதுபோல இதையும் வீட்டிலேயே இழைய வளர்ப்பில் (செடியின் சின்னத் துண்டைப் போத்தலுக்குள் சத்துக் கலவையில் வளர்த்து) பெருக்கலாமா? பிரஷர் குக்கரும் பழைய ஜாம் போத்தல்களும் இருக்கு. ஒரு பற்றையில் இலை வெள்ளையாக வருது, அதுவும் இதோடு சரியாகிவிடுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, குக்கர் பிரச்சினையில்லை. 121 பாகையில் 15, 20 நிமிடம் வைத்தால் போத்தலுக்குள் ஒன்றும் உயிரோடு இராது. இடறுவது அதற்குப் பிறகுதான். இழையத்துக்குக் கொடுக்கும் சாப்பாடு முரசிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962இல் வெளியிட்ட கலவை: கனியுப்புகள், விற்றமின், கலவையைக் களியாக்கும் ஏகார், லீற்றருக்கு 30 கிராம் அளவில் சீனி, குருத்துப் பலவாக வெடிக்க சைற்றோகைனின் என்ற வளர்ச்சி ஓமோன். அந்தச் சீனிக்குக் கரும்பை விடப் பூஞ்சணத்துக்குத்தான் ஆசை கூட. நானும் ஒருக்கால் மேசையில் ஸ்பிரிற் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு 12 போத்தல் செய்து பார்த்தேன், நாலாம் நாள் 11 போத்தலில் பஞ்சு பூத்திருந்தது. மிஞ்சின ஒன்றாவது தப்புமென்று பார்த்தால், அது கறுத்துப்போச்சு. கரும்பின் குருத்தை மடல் மடலாக உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நுனியை வெட்டினவுடன் வெட்டுவாயில் பீனோல் என்ற, காற்றுப் பட்டால் கறுக்கும் பொருள் கசிந்து கலவையே தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், அதனால்தான் ஆய்வுகூடங்களில் முதல் சில நாள் அடிக்கடி புதுக் கலவைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, வெள்ளை இலை. முதலில் உற்றுப் பாருங்கோ. நரம்பு பச்சையாக இருந்து, இடையில் மட்டும் கோடு கோடாக வெளிறியிருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. எங்கட சுண்ணாம்பு நிலத்தில் இது புதினமில்லை. லீற்றருக்கு 5 கிராம் பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பைக் கரைத்துப் பின்னேரம் இலையில் தெளியுங்கோ, புதுக்குருத்து பச்சையாக வரும். நரம்பும் சேர்ந்து முழு இலையும் பால்வெள்ளையாகி, அடியில் புல்லுப்போல மெல்லிய கிளைகள் நெருக்கமாக வெடித்தால் அது வெண்ணிலை நோய். பைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, தத்துப்பூச்சியாலும் நடுகைத் துண்டாலும் பரவும். தயங்காமல் வேரோடு பிடுங்கி எரியுங்கோ. போத்தலுக்குள் போட்டதால் மட்டும் நோய் போகாது, அரை மில்லிமீற்றருக்கும் குறைவான நுனியை எடுத்து, வளர்ந்த பிறகு சோதித்தும் பார்த்தால்தான் சுத்தமான கன்று என்று சொல்லலாம். உடவளவையிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்குரிய வேலை அது.

நாலு பற்றைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். நோயில்லாத தடியில் ஒரு முளைக்கண் இருக்கும்படி சின்னத் துண்டுகளாக வெட்டி, தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்து பைகளில் கண் மேலே பார்க்க வையுங்கோ. ஈரம் காயவிடாதேங்கோ, தண்ணீர் தேங்கவும் விடாதேங்கோ. ஐந்தாறு கிழமையில் நடலாம். ஒரு தடியில் எத்தனை கண் என்று எண்ணிப் பாருங்கோ, அடுத்த பொங்கலுக்கு அயலுக்கும் கொடுக்கலாம்.