வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் படத்தை நம்பலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், சென்னை ஸ்டேடியத்தில் நடக்கவிருக்கும் வெளிநாட்டு ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். செயலியில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் வேன், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை கேட்கிறார். பணம் கட்டியதும் க்யூஆர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாராம். கட்டலாமா?
– வாசகர், வலங்கைமான்

பதில்: கட்டாதீர்கள். நிகழ்ச்சி வாசல்களில் ஸ்கேனர் பிடிக்கும் பிள்ளைகளை மேய்ப்பதுதான் என் தொழில் என்பதால் சொல்கிறேன்.

அவர் அனுப்பும் படம் அசல் டிக்கெட்டின் படமாகவே இருக்கலாம். தொல்லையே அங்குதான். அதே படம் இன்னும் பத்துப் பேரிடம் இருக்கும். முதலில் வருபவருக்கு ஸ்கேனர் பச்சை காட்டும். அடுத்து வருபவருக்கு ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று சிவப்பு காட்டும். யார் பணம் கொடுத்தார் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரே நிலத்தின் சிட்டாவை வைத்துக்கொண்டு நாலு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடும் வியாபாரியின் வேலைதான் இதுவும். சில செயலிகளில் க்யூஆர் கட்டம் சில நொடிக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே படம் பிடித்து அனுப்பியது எதற்கும் உதவாது.

‘ஸ்பான்சர் கோட்டா’, ‘உள்ளே நம்ம ஆள் இருக்கிறார்’ என்றெல்லாம் சொல்வார்கள். அந்த நம்ம ஆள் அன்றைக்கு மாலை போனை எடுக்கமாட்டார். சிவப்பைப் பார்த்துவிட்டு வாசலோரம் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. வாங்கியவர் செயலிக்குள்ளேயே டிக்கெட்டை உங்கள் மகளின் கைபேசி எண்ணுக்கு மாற்றித் தரும் வசதி சில நிகழ்ச்சிகளுக்கு உண்டு. மாற்றினால் அவர் கணக்கிலிருந்து டிக்கெட் மறைந்து, மகளின் கணக்கில் வந்து உட்காரவேண்டும். அதை அவள் தன் போனில் திறந்து, தேதி, பகுதி, வாசல் எண் பார்த்த பிறகே பணம். ‘மாற்றிவிட்டேன்’ என்று அவர் தன் போனைக் காட்டினால் போதாது. மாற்றும் வசதி கடைசிச் சில நாட்களில்தான் திறக்கும் என்றால் அதுவரை ஒரு ரூபாயும் தராதீர்கள். முன்பதிவு செய்தவரின் அடையாள அட்டை வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் இந்த வழியும் அடைபட்டது.

ரயில் டிக்கெட்டைக் கள்ளத்தனமாக விற்றால் 1989 ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. கச்சேரி டிக்கெட்டுக்கு நாடு முழுமைக்குமான அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. இதுபற்றிய பொதுநல வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவது எங்கள் வேலையில்லை என்றது. இயற்ற வேண்டியவர்களோ முன்வரிசை இலவசப் பாஸில் அமர்ந்து கைதட்டுகிறார்கள்.

நல்ல டிக்கெட் கிடைத்தாலும் சீக்கிரம் போகச் சொல்லுங்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் முறையாக வாங்கியவர்களே உள்ளே போகமுடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் இணையம் திணறும். டிக்கெட்டை வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளட்டும். ஒலிபெருக்கி பெரும்பாலும் இரவு பத்துக்கு அடங்கிவிடும், ஆனாலும் வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகும். உழவன், மன்னை இரவு ரயில்களை நம்பவேண்டாம், கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்தான். காதுக்கு மருந்துக்கடையில் விற்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பான் போதும்.

முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா? டிராவல்ஸ்காரரிடம் வேனுக்கு மட்டும் தனி ரசீது கேளுங்கள், மீதியைத் திருப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் காத்திருக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து, யுபிஐ பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.