காரணத்தைத் தேடும் முன் பிரச்சினையை எழுதுங்கள்

கேள்வி: தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். பிரச்சினைகளை எட்டுப் படிகளில் தீர்க்கும் 8டி முறையில் பயிற்சி பெற்றேன். வகுப்பில் எளிதாகத் தோன்றிய அம்முறை, வேலையில் படிவம் நிரப்பும் சடங்காகவே முடிந்துவிடுகிறது. இதை உண்மையாகப் பயன்படுத்துவது எப்படி?

பதில்: 8டி முறையை ஃபோர்டு நிறுவனம் 1987-இல் கையேடாக வெளியிட்டது. குழு அமைத்தல், பிரச்சினையை விவரித்தல், பாதிப்பு பரவாமல் தடுத்தல், மூலகாரணத்தைக் கண்டறிதல் என்று தொடங்கும் அது, நிரந்தரத் தீர்வைத் தேர்ந்து நடைமுறைப்படுத்தி, பிரச்சினை மீண்டும் தலைதூக்காமல் பார்த்துக்கொண்டு, குழுவினரைப் பாராட்டுவதோடு நிறைவடைகிறது. இவற்றில் பெரும்பாலோர் அவசரமாகத் தாண்டிவிடுவது இரண்டாம் படியைத்தான். படிவம் சடங்காகிவிடுவதும் அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

‘ஊழியரின் கவனக்குறைவால் வால்வு கசிகிறது’ என்று எழுதினால், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எந்த வால்வு, எந்த இடத்தில், எப்போதிலிருந்து, எத்தனையில் எத்தனை கசிகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். கசிந்திருக்கக்கூடியவை, ஆனால் கசியாதவை எவை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இதுதான் மிக முக்கியம். இரண்டாம் இயந்திரத்தில் பொருத்திய வால்வுகள் கசிகின்றன, அதே ரப்பர் வளையத்தைப் போட்டு முதல் இயந்திரத்தில் பொருத்தியவை கசியவில்லை என்றால், வளையத்தின் மீதுள்ள சந்தேகம் வலுவிழந்து, இரு இயந்திரங்களுக்கும் உள்ள வேறுபாட்டின் பக்கம், உதாரணமாக போல்ட்டை இறுக்கும் விசையின் பக்கம், தேடல் திரும்புகிறது. அந்த விசையை வேண்டுமென்றே குறைத்தால் கசிவு வர வேண்டும், சரிசெய்தால் நிற்க வேண்டும். அப்போதுதான் அதை மூலகாரணமாக ஏற்கலாம். எவ்வளவு அவசரம் இருந்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். (சோதித்த வால்வுகளுக்குத் தனிக் குறியிட்டு, விற்பனைக்குப் போகாமல் ஒதுக்கிவையுங்கள்.) அடிக்கடி தலைகாட்டும் சிறிய கோளாறு ஒன்றை எடுத்துக்கொண்டு, பிரச்சினையை விவரித்தல், மூலகாரணத்தைக் கண்டறிதல் ஆகிய இந்த இரண்டு படிகளை மட்டும் முதலில் பழகுங்கள்.

கேள்வி: மூலகாரணத்தைக் கண்டறிய, ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் முறையையும் வகுப்பில் சொன்னார்கள். கட்டாயம் ஐந்து முறை கேட்டாக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டோயோட்டா நிறுவனத்தின் வழியாகப் பரவிய இம்முறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணத்தில், இயந்திரம் நின்றதற்குக் காரணம் அதிகச் சுமையால் ஃபியூஸ் போனது. பேரிங்குக்குப் போதிய எண்ணெய் இல்லாததால் சுமை கூடியது. பம்ப் சரியாக இறைக்காததால் எண்ணெய் வரவில்லை. பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள்கள் உள்ளே புகுந்ததால் அது தேய்ந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் விரைவிலேயே மறுபடியும் நின்றிருக்கும். இங்கே ஐந்து கேள்விகள் போதுமானவையாக இருந்தன. வேறிடத்தில் மூன்றோ ஏழோ தேவைப்படலாம். ஆனால் ஒவ்வொரு பதிலையும் நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த ‘ஏன்’ கேட்கப்பட வேண்டும். மேசையில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே போனால், விசாரணை பெரும்பாலும் யாரோ ஒருவரின் பெயரில் போய் நிற்கும். அப்படி நின்றால், அவர் தவறு செய்ய இடங்கொடுத்த நடைமுறை எது என்று இன்னொரு முறை கேளுங்கள்.