எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது

வாசகி ஒருவர் எழுதிய கடிதம்:

"என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். போன மாதம் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளியில் இருக்கும்போதே வயதுக்கு வந்துவிட்டாள். தாய் இல்லாத பிள்ளை. ரத்தத்தைப் பார்த்துப் பெரிய வியாதி என்று நினைத்துக் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். வெளியே வந்தபோது பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், 'பிள்ளைகளுக்கு இதையெல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்' என்றேன். ஒரு தகப்பனார் எழுந்து, 'இதச் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க கெட்டுப் போகும். என் பொண்ணுக்கு வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?' என்று கேட்டார். தலைமை ஆசிரியர், 'சட்டத்துல இருந்தா காட்டுங்கம்மா, நாளைக்கே நடத்திடறேன்' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?"

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கழிவறைக் கதவை மனதிலிருந்து அகற்ற முடியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி தன் உடம்பில் நடப்பது என்னவென்று தெரியாமல், சாகப் போகிறோம் என்று பயந்து தனியாக அழுதிருக்கிறாள். நீங்கள் கூட்டத்தில் எழுந்து பேசியது சரி.

முதலில் தலைமை ஆசிரியருக்குப் பதில். உங்கள் மகளின் அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். 'வளரிளம் பருவமடைதல்' என்ற பாடத்தைப் பிரித்துக் காட்டுங்கள். பருவ வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலில் வரும் மாற்றங்கள், ஹார்மோன்கள், மாதவிடாய், அந்த நாட்களின் சுகாதாரம் எல்லாம் அதில் இருக்கின்றன. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கப் போவதில்லை. அரசு அச்சடித்து விலையில்லாமல் கொடுத்த பாடநூல் அது. பிறகு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 24-ஆவது பிரிவைக் காட்டுங்கள். பாடத்திட்டம் முழுவதையும் உரிய காலத்துக்குள் நடத்தி முடிப்பது ஆசிரியரின் கடமை என்று அது சொல்கிறது. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் இடம் தருகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான சட்டம் என்பதால் உங்கள் மகளின் வகுப்புக்கு இது அப்படியே பொருந்தும். "இத வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம் நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நானும் அப்படித் தள்ளிவிடப்பட்ட பக்கங்களோடு வளர்ந்தவள்தான். அது சட்டப்படி தவறு என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கேள்வி இன்னும் பெரியது. பள்ளிகளில் பாலியல் கல்வி இன்னின்ன வகுப்பில், இன்னாரால், இவ்வளவு நேரம் கட்டாயம் நடத்தப்பட வேண்டும் என்று வரையறுக்கும் சட்டம் இந்தியாவில் இருக்கிறதா என்றால், இல்லை. அந்தக் குறையை மறைத்து உங்களுக்குத் தெம்பு சொல்ல நான் விரும்பவில்லை.

முயற்சி நடக்காமலில்லை. 2005-இல் மத்திய அரசு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. எச்.ஐ.வி. பரவலைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். 2007-க்குள் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் அதை நிறுத்தின. பயிற்சிக் கையேட்டின் படங்கள் ஆபாசமாக இருக்கின்றன, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று எதிர்ப்பு எழுந்தது. 2009-இல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் கையேட்டைத் திருத்தியிருக்கலாம். சில படங்கள் அந்த வயதுக்குப் பொருந்தவில்லை என்ற பெற்றோரின் குறையில் நியாயம் இருந்திருக்கலாம். படம் சரியில்லை என்பதற்காகப் பாடத்தையே தூக்கி எறிந்ததுதான் தவறு. நாடாளுமன்றம் அன்றே ஒரு தரத்தை வகுத்திருந்தால் மாநிலத்துக்கு மாநிலம் நிறுத்தவும் தொடங்கவும் முடிந்திருக்காது.

அந்தப் பரிந்துரைக்கு இரண்டு ஆண்டுக்கு முன், 2007-இல், மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டதில், 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். இந்தக் கணக்கு கையில் இருந்தும் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

அதன்பின் சட்டம் வந்தது, ஆனால் குற்றவியல் சட்டமாக வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. இதை உங்கள் தலைமை ஆசிரியரும் தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்குக் கூடுதல் பயன் தருவது 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். அவற்றின் மூன்றாவது விதி, பிள்ளைகளின் வயதுக்கேற்ற கல்விப் பொருளையும் பாடத்திட்டத்தையும் மத்திய, மாநில அரசுகள் தயாரிக்க வேண்டும் என்று கட்டளையாகவே சொல்கிறது. உடல் பாதுகாப்பு, இணையத்தில் பாதுகாப்பு, மனநலம், புகார் செய்யும் வழிகள், ஆண் பெண் சமத்துவம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். இதுவும் சட்டம்தான். தயங்காமல் எடுத்துக் காட்டுங்கள்.

ஆனாலும் பாருங்கள், அரசு தயாரிக்க வேண்டும் என்று சொன்ன விதி, பள்ளி எந்த வகுப்பில் எத்தனை மணி நேரம் நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பதினொரு தலைப்புகளில் வகுப்பெடுக்க ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் திட்டம்தான். நிதி வந்தால் நடக்கும், அதிகாரி மாறினால் நிற்கும். பிள்ளை "இது என் உரிமை" என்று கேட்கும்படி அது எழுதப்படவில்லை.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து வீட்டை விட்டுப் போனால், பையன் போக்சோவில் சிறைக்குப் போகிறான். பெண்ணின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றமே இத்தகைய வழக்குகளைப் பற்றிக் கவலை தெரிவித்திருக்கிறது. வழக்கறிஞராக நான் பார்த்த இப்படிப்பட்ட பிள்ளைகளில், அந்த வயது வரம்பைப் பள்ளியில் கேட்டறிந்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. கைதான பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். தண்டனையைச் சட்டமாக்கிய நாடு, அந்தச் சட்டத்தைப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பதைப் பள்ளியின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருக்கிறது.

இனி அந்தத் தகப்பனார். அவரைக் கூட்டத்தில் வாயடைக்க வேண்டாம். அவர் பயம் உண்மையானது, பெண்ணின் மேல் இருக்கும் அக்கறையிலிருந்து வருவது. அவர் கேட்ட உரிமைக் கேள்விக்கு உலகின் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் தேடின. டென்மார்க்கில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கியது. தங்கள் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976 டிசம்பர் 7-இல் தீர்ப்பு வந்தது: செய்திகளை நடுநிலையோடு, பிள்ளை சிந்திக்கும்படி சொல்லலாம், ஒரு கருத்தை மண்டையில் ஏற்றக் கூடாது. இந்த எல்லைக்குள் நடக்கும் வகுப்பைப் பெற்றோரால் தடுக்க முடியாது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமும் ஏறத்தாழ இதே வழியில் போனது. பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை, ஆனால் என்ன, எப்படிச் சொல்லப் போகிறோம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்து இன்னொரு விதம். அங்கே 2020 செப்டம்பர் முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இது கட்டாயம். பாலியல் கல்விப் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர் கேட்கலாம். அறிவியல் பாடத்திலிருந்து விலக்க முடியாது. பதினாறு வயது நெருங்கும்போது பிள்ளையே "எனக்கு வேண்டும்" என்று சொன்னால் அதன் விருப்பம்தான் செல்லும்.

எனக்கு ஜெர்மன் வழி பிடிக்கிறது. பாடத்தை முன்கூட்டியே பார்க்கவும் கேள்வி கேட்கவும் பெற்றோருக்கு முழு உரிமை வேண்டும். தடுக்கும் உரிமை கூடாது. ஏனென்றால் இந்தப் பாடம் யாருக்கு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்துதான் முதலில் "வேண்டாம்" என்ற சொல் வரக்கூடும். போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். அவர் சொந்த வீட்டு ஆளாகவும் இருக்கலாம். இதை அந்தத் தகப்பனார் மேல் சந்தேகமாகச் சொல்லாதீர்கள். சட்டம் எல்லா வீட்டுக்கும் சேர்த்து எழுதப்படுவது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்க வரும் சின்னப் பிள்ளைகள், "எங்கேம்மா தொட்டாங்க?" என்றால், "அங்க" என்பார்கள். அதற்கு மேல் சொல் இல்லை. கை, கால், மூக்கு எல்லாவற்றுக்கும் பேர் சொல்லிக் கொடுத்த நாம் அந்த உறுப்புகளுக்கு மட்டும் பேர் சொல்லிக் கொடுக்கவில்லை. "அங்க" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எவ்வளவு தூரம் போவார் என்று நான் பார்த்திருக்கிறேன்.

உச்ச நீதிமன்றமும் இந்தப் பக்கம் நகர்கிறது. குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தரவிறக்கி வைத்திருந்ததாகத் தமிழ்நாட்டில் பதிவான ஒரு வழக்கில், 2024 செப்டம்பர் 23-இல் வந்த தீர்ப்பில், பாலியல் கல்வி மேலைநாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணங்கள் தவறு என்று விரிவாக எழுதியது. விரிவான கல்வித் திட்டம் வகுக்க நிபுணர் குழு அமைப்பதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 அக்டோபரில், பதினைந்து வயதுப் பையன் குற்றம் சாட்டப்பட்ட வழக்கில் வேறோர் அமர்வு, இந்தக் கல்வி ஒன்பதாம் வகுப்புக்காகக் காத்திராமல் இளம் வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது. இவை பரிந்துரைகளும் கருத்துகளும்தான். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எழுதினால்தான் தரம் என்று ஆகும். எழுதும்போது வயதைச் சரியாக வைக்க வேண்டும். பத்து, பதினோரு வயதிலேயே பல பெண்கள் வயதுக்கு வந்துவிடும் காலம் இது. அதற்குப் பிறகு எட்டாம் வகுப்பில் சொல்வது பிந்திய பாடம். ஐந்தாம் வகுப்பில் மாதவிடாயைப் பற்றிப் பேசியாக வேண்டும். உறுப்புகளின் பேரும், யார் தொடலாம் தொடக்கூடாது என்பதும் முதல் வகுப்பிலேயே. பதினெட்டு வயதுச் சட்டம், சம்மதம், கருத்தடை, எச்.ஐ.வி. எல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிய வேண்டும்.

சட்டம் வரும்வரை உங்கள் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கச் சட்டமே அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பாடத்தை எல்லாப் பெற்றோர் முன்னும் ஒரு முறை வாசியுங்கள். அந்தத் தகப்பனார் கையில் ஒரு புத்தகம் கொடுங்கள். பாதிப் பயம் அங்கேயே குறைந்துவிடும். பிறகு பாடத்தை விடுபடாமல் நடத்த வேண்டும் என்றும், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியரோ மருத்துவரோ வந்து பேச வேண்டும் என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தாதீர்கள். பெண்கள் கூச்சமில்லாமல் கேட்கத் தனியாக ஒரு மணி நேரம் இருக்கட்டும். ஆனால் பாடம் எல்லோருக்கும் சேர்த்துத்தான். கேலி செய்த பையன்களும் தெரியாததால்தான் செய்தார்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா, பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி திறக்கப்படுகிறதா என்றும் பாருங்கள்.

கடிதத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கு வருகிறாளா? தாய் இல்லாத வீடு என்கிறீர்கள். அவள் வரவில்லை என்றால், கூட்டம் வரை காத்திருக்காமல் உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள். அந்த எட்டாம் வகுப்புப் புத்தகத்தை அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.