ஈரத் தொட்டியில் ஓரம் காயும் பெகோனியா

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன்பு, வெள்ளி நிறமும் ஊதாவும் கலந்த இலைகளைக் கொண்ட ரெக்ஸ் பெகோனியா ஒன்றை வாங்கி வரவேற்பறையில் வைத்தேன். சில வாரங்களிலேயே இலையோரங்கள் பழுப்பாகிக் காய்ந்தன. காற்றில் ஈரம் போதவில்லை என்று சொன்னார்கள். அதனால் நாள்தோறும் இலைகளின்மேல் நீர் தெளித்தேன். தொட்டிக்கும் கூடுதலாக ஊற்றினேன். இப்போது இலைகளில் வெண்பொடி தூவியது போன்ற திட்டுகள் தோன்றியிருக்கின்றன. சில காம்புகள் அடியில் குழைந்து சாய்கின்றன. செடி பிழைக்குமா? வீட்டுக்குள் வளர்க்க இது ஏற்ற செடிதானா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

பதில்: பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இலைகளைப் பார்த்து அதை முடிவு செய்ய இயலாது. செடியைத் தொட்டியிலிருந்து மண்ணோடு கவிழ்த்து எடுத்து, வேர்களையும், மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் படுத்திருக்கும் தடித்த தண்டையும் பாருங்கள். நலமான வேர் மெல்லியதாக இருந்தாலும் மெதுவாக இழுத்தால் அறாது. அழுகிய வேரை விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால் மேல்தோல் உரிந்து வந்துவிடும். உள்ளே நூல் போன்ற நடு நரம்பு மட்டும் மிஞ்சும். நல்ல வேர்களும் சற்றுப் பழுப்பாக இருப்பதுண்டு என்பதால், நிறத்தைவிட உறுதியையே நம்புங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, பாதிக்கு மேற்பட்ட வேர்கள் அழுகியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பெகோனியா வளர்ப்பில் மிகுதியாக நேரும் தவறு எது என்று கேட்டால், காய்ந்த இலையோரத்தைத் தாகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் என்பேன். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மண்ணின் இடைவெளிகள் எல்லாம் நாள்கணக்கில் நீரால் நிரம்பியிருக்கும்போது வேர்கள் மூச்சின்றி மடிகின்றன. வலுவிழந்த அந்த வேர்களைப் பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. வேர் மடிந்த செடி நீருக்கு நடுவில் இருந்துகொண்டே நீரைப் பெற முடியாமல் தவிக்கிறது. இலையில் நீர் கடைசியாக வந்து சேரும் இடம் ஓரம் என்பதால், பற்றாக்குறை முதலில் அங்கேதான் தெரிகிறது. அதைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். தொடக்கத்தில் உங்கள் செடியின் ஓரங்கள் வறண்ட காற்றினாலேயே காய்ந்திருக்கலாம்; பிறகு வந்த குழைவு நீரின் மிகுதியால் வந்தது. வேறுபடுத்துவது கடினமன்று. மண் வறண்டு, இலை தொய்ந்து, தொட்டி எடையற்று இருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை தொய்ந்தால் வேரில் கோளாறு.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் அதன் போக்கு விளங்கும். பெகோனியா பேரினத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ரெக்ஸ் எனப்படுவது அசாம் உள்ளிட்ட இந்தியாவின் வடகிழக்குப் பகுதிக்குரியது. 1857-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. இலத்தீனில் ரெக்ஸ் என்றால் அரசன். இன்று கடைகளில் அப்பெயரோடு விற்கப்படுபவை அந்த இனத்தைப் பிற ஆசியப் பெகோனியாக்களோடு பலமுறை கலந்து உருவாக்கிய கலப்பினங்கள். ஆயினும் தரையோடு படர்ந்து செல்லும் மட்டநிலத் தண்டை அவை கைவிடவில்லை. இத்தகைய தண்டுடைய பெகோனியாக்கள் காட்டில் பெரும்பாலும் பாசி படர்ந்த பாறைகளிலும், சரிவுகளிலும், இலைமட்கிலும் வளர்பவை. அங்கே மழை பெய்யும், வழிந்தோடிவிடும். வேர் ஆழமாக இறங்குவதில்லை. காற்றில் மட்டும் ஈரம் எப்போதும் இருக்கும். வீட்டில் நாம் தருவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: வறண்ட காற்றும், ஆழமான தொட்டியில் தேங்கிய ஈரமும்.

இனி மீட்புப் பணி. மடிந்த வேர்களையும் குழைந்த தண்டுப் பகுதியையும் கூரிய, சுத்தமான கத்தியால் நீக்குங்கள். வெட்டிய இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால், உறுதியான வெளிர்ப் பகுதி வரும்வரை இன்னும் சிறிது வெட்டுங்கள். ஒன்றிரண்டு கணுக்களோடு விரல் நீளத் தண்டு எஞ்சினாலும் போதும், இலைகள் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அதிலிருந்து செடி எழும். எஞ்சிய வேர்க்கற்றையைவிட ஒரு விரலளவு மட்டுமே அகன்ற, ஆழம் குறைந்த தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். செடிக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் இங்கே கேடு செய்யும், ஏனெனில் வேர் எட்டாத மண் நெடுநாள் உலராமல் கிடக்கும். நார்க்கழிவுக் கலவையோடு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெர்லைட் (பொரிந்த எரிமலைப் பாறையாலான, எடை குறைந்த வெண்குருணை) சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டநிலத் தண்டு மண்ணின் மேலேயே படுத்திருக்க வேண்டும். புதைத்தால் மீண்டும் அழுகும். அதன் பிறகு, மேல்மண் ஓர் அங்குல ஆழத்துக்கு உலர்ந்ததை விரலால் தொட்டு உறுதி செய்துகொண்டு, அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வாரத்துக்கு இத்தனை முறை என்ற கணக்கு வேண்டாம்.

வெண்பொடித் திட்டுகள் சாம்பல் நோய். இதைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக உண்டு. பெரும்பாலான பூஞ்சைகளின் வித்துகள் முளைக்க இலையில் நீர்ப்படலம் வேண்டும். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு அது தேவையில்லை. அசையாத ஈரக்காற்றும், நெருக்கமாக நிற்கும் இலைகளும் அதற்குப் போதும். எனவே நீர் தெளித்ததை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அதே சமயம் நீர் தெளிப்பதால் பயனுமில்லை. தெளித்த நீர் சில நிமிடங்களில் ஆவியாகிக் கலைந்துவிடும். காற்றின் ஈரம் நிலையாக உயராது. இலையில் தங்கும் துளிகளோ பாக்டீரியப் புள்ளிநோய்க்கும், சாம்பல் நிறப் பூசணம் என்னும் வேறொரு நோய்க்கும் வழி திறக்கும். திட்டுகள் பரவிய இலைகளைக் காம்போடு நீக்கி, உறையிலிட்டு அப்புறப்படுத்துங்கள். செடியை மற்றப் பெகோனியாக்களிடமிருந்து பிரித்து வையுங்கள். அறையில் காற்று மெல்ல அசையும்படி சிறு விசிறி ஒன்றை, செடியை நோக்கி நேராகத் திருப்பாமல், குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். பூஞ்சைக் கொல்லி வேண்டுமென்றால் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்தவை உள்ளன. முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், சில வகைகளின் இலை கருகிவிடும்.

காற்றின் ஈரம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ரெக்ஸ் வகைகள் நிறைவாக வளரும். ஈரப்பதமூட்டும் கருவியே நம்பத்தக்கது. செடிகளைச் சற்றே இடைவெளி விட்டுக் கூட்டமாக வைப்பது ஓரளவு உதவும். கூழாங்கல் தட்டில் நீர் ஊற்றி வைக்கும் வழக்கத்தின் பலன் நாம் நம்புவதைவிட மிகக் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பது சிறந்த வழிதான், ஆனால் சாம்பல் நோய் முற்றிலும் நீங்கும்வரை உங்கள் செடியை அதற்குள் அடைக்க வேண்டாம்.

ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் விரும்பி வாங்கிய நிறங்கள் அதைச் சார்ந்தவை. இலையின் வெள்ளிப் பூச்சு ஒரு நிறமியே அன்று. மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைத் திசுவுக்கும் இடையே அமைந்த நுண்ணிய காற்றறைகள் ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாகும் தோற்றம் அது. சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருபவை. மலேசியக் காடுகளுக்குரிய பெகோனியா பவோனினா இன்னும் வியப்பானது: அதன் இலைகள் நிழலில் நீலமாக மின்னும். அதன் பசுங்கணிகங்களில் (ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சை நுண்ணுறுப்புகளில்) படலங்கள் சீராக அடுக்கப்பட்டிருப்பதால் நீல ஒளி திரும்பி வருகிறது என்றும், மங்கிய காட்டொளியில் எஞ்சும் பச்சை ஒளியைப் பயன்படுத்திக்கொள்ள அதே அமைப்பு உதவுகிறது என்றும் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. இதைப் படித்துவிட்டு, பெகோனியாக்கள் நிழற்செடிகள்தானே என்று அறையின் உள்மூலையில் வைப்பவர்கள் உண்டு. நம் கண் மங்கிய ஒளிக்கு விரைவில் பழகிவிடுவதால் அந்த மூலை போதுமான வெளிச்சமுடையதாகத் தோன்றுகிறது. செடிக்கு அது பட்டினி. காம்புகள் நீண்டு ஒரே பக்கம் சாய்வதும், புதிய இலைகள் சிறுத்து நிறம் மங்குவதும் ஒளி குறைந்ததன் அறிகுறிகள். இலை வெளிறினாலோ நடுவில் கருகல் விழுந்தாலோ வெயில் மிகுதி. காலையிளவெயில் மட்டும் படும் சன்னலோரமோ, மெல்லிய திரைக்குப் பின்னுள்ள இடமோ பொருந்தும். வரவேற்பறையில் அப்படி இடமில்லையெனில் வெள்ளை எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம்.

ஒளி குறைந்த, குளிர்ந்த மாதங்களில் ரெக்ஸ் வகைகள் இலைகளை உதிர்த்து ஓய்வெடுப்பதுண்டு. தண்டு உறுதியாக இருக்கும்வரை அதைத் தூக்கி எறிய வேண்டாம். நீரைக் குறைத்துக் காத்திருங்கள். உரத்தைப் பொறுத்தவரை, புதுவேர் பிடித்த பிறகு, உர உறையில் குறிப்பிட்ட அளவில் கால் பங்காக நீர்த்து, வளரும் பருவத்தில் மட்டும் கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு, ரெக்ஸ் எளிய தொடக்கம் அன்று என்பதே என் பதில். மட்டநிலத் தண்டுடையவற்றிலேயே தடித்த, பளபளப்பான இலைகளைக் கொண்ட வகைகள் வறண்ட காற்றை நன்கு தாங்கும். மெக்சிகோவுக்குரிய பெகோனியா போவெரேயும் அதன் கலப்பினங்களும், 1840களிலிருந்து வளர்க்கப்பட்டுவரும் எரித்ரோஃபில்லாவும் அத்தகையவை. மூங்கில் போல் கணுக்களோடு நிமிர்ந்து வளரும் பிரேசில் நாட்டு மாக்குலாட்டாவும் வெள்ளிப்புள்ளி இலைகளால் அழகானதே. அதற்கு ஒளி சற்றுக் கூடுதலாகவும், ஆண்டுக்கொரு முறை கவாத்தும் வேண்டும். இவற்றுள் எதுவாயினும் பூனைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பெகோனியாக்களில் ஆக்சலேட்டுகள் உள்ளன, மண்ணுக்கடியிலுள்ள பகுதிகளில் மிகுதியாக. மென்றால் வாயெரிச்சலும் எச்சில் ஒழுகலும் வாந்தியும் உண்டாகலாம். அப்படி நேர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீட்புப் பணியைத் தொடங்கும் அன்றே இன்னொன்றையும் செய்துவையுங்கள். நோயில்லாத, முற்றிய இலை ஒன்றாவது மிஞ்சியிருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்திலிருந்து பெருநரம்புகள் விரிந்து செல்வதைக் காண்பீர்கள். துண்டுக்கு ஒரு பெருநரம்பு வருமாறு இலையை முக்கோணங்களாக வெட்டி, கூர்முனையை ஈரமான பெர்லைட்டில் சிறிதளவு செருகி, ஒளி ஊடுருவும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நரம்பு வெட்டுப்பட்ட இடத்தில், இலையின் மேல்தோல் செல்களே மீண்டும் பகுபடத் தொடங்கிக் குருத்துகளாகின்றன. கலப்பினங்களின் விதைகள் தாய்ச்செடியை ஒத்து முளைக்காதபோது, இவ்வாறு கிளைப்பவை பெரும்பாலும் அதே நிறத்தோடு வரும். டப்பாவை நேர் வெயிலில் வைக்க வேண்டாம்; வாரம் இருமுறை சில நிமிடங்கள் திறந்து காற்றாட விடுங்கள்; அழுகும் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். வேர்கள் சில வாரங்களில் வரும், நகத்தளவு இலைகள் தெரிய இரண்டு மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை துண்டுகளைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.