காலைக் காபியிலிருந்து ஸ்ட்ராங் டீக்கு மாறினால் தலைவலி வருவது ஏன்?

இதற்குப் பெயர் கஃபீன் விலகல்: பழகிய அளவு சட்டென்று குறையும்போது உடல் காட்டும் முரண்டு. சோர்வை உண்டாக்கும் அடினோசினை மூளையில் கஃபீன் தடுக்கிறது. அந்தத் தடை குறைந்ததும் ரத்தக்குழாய்கள் விரிந்து தலை விண்விண்ணென்று வலிக்கும். ஒரு கப் காபியில் சுமார் 95 மில்லிகிராம் கஃபீன் என்றால், டீயில் ஏறக்குறைய பாதிதான். வலி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ் மாதிரி கியரைக் குறைத்து இறங்குங்கள். முதலில் மாலைக் காபியை மட்டும் டீயாக்குங்கள். (காபி நாக்குக்கு நீலகிரி டஸ்ட் டீதான் சரி; இலைத்தேநீர் சப்பென்றிருக்கும்.)

டீ டிக்காஷன் கறுத்தால் கஃபீன் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம், நசுக்கிய இலை காற்றுபட்டு நிறம் மாறுவதால் வருவது. கஃபீனுக்கு நிறமே கிடையாது.