மருத்துவர் பதில்: படபடப்பைவிட முக்கியமான அந்தக் கடைசி வரி

தண்டையார்பேட்டை சகோதரிக்கு,

நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், நெஞ்செரிச்சல், கை நடுக்கம், தூக்கமின்மை என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, முடிக்கும்போது, “நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு ஒரு பாரம் குறையும் என்று சில இரவுகளில் தோன்றுகிறது, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அந்த வரியைத்தான். நெடுநாள் மனச்சோர்வில் இருப்பவருக்குத் தான் பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் மறுக்க முடியாத உண்மையைப் போலவே தோன்றும். ஆனால் அது நோயின் அறிகுறி. உங்கள் கணவரும் பிள்ளைகளும் சொன்ன கருத்து அல்ல.

தூக்கத்துக்காக வாங்கிய மாத்திரை அட்டைகள் பீரோவில் மிச்சம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஓர் எண்ணம் வந்துபோகும் நாட்களில் அவை உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. இன்றைக்கே அவற்றைக் கணவரிடமோ மூத்த மகளிடமோ ஒப்படைத்து, காரணத்தையும் மறைக்காமல் சொல்லி, அன்றன்றைக்கு உரியதை மட்டும் அவர்கள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டார் இதைப் பற்றி உங்களிடம் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பெரும்பாலோருக்கு மனம் சற்று இலேசாகும். எப்படி, எப்போது என்று திட்டமாக எண்ணம் திரும்பினாலோ, நகைகளையும் பொறுப்புகளையும் பிறரிடம் ஒப்படைக்கத் தொடங்கினாலோ, பல நாள் தவிப்புக்குப் பிறகு காரணமில்லாமல் திடீரென்று அமைதி வந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. உங்களைத் தனியே விடாமல், நள்ளிரவானாலும் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துவர வேண்டும். பேசினால் போதும் என்ற அளவில் இருக்கும்போது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது, நீங்கள் நேராகக் கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கும் கேள்வி. காதில் குரல் கேட்டுக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அத்தையைப் போல நாமும் ஆகிவிடுவோமோ என்பதே உங்கள் பயம். குடும்ப மருத்துவர் கவுன்சலிங் என்று சொன்னதும் அதனால்தான் அவரிடம் போவதையே நிறுத்தியிருக்கிறீர்கள். மனச்சோர்வும் பதற்றமும் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டதால் மட்டும் அந்த நோயாக மாறிவிடுவதில்லை. அத்தைக்கு வந்தது வேறு நோய். அது பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. அதோடு சமைத்து, வேலைக்குப் போய், சுயஉதவிக் குழுக் கடனையும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மகளின் கல்யாணப் பேச்சின்போது விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை எடுத்த இசிஜியும் எண்டோஸ்கோபியும் சரியாக இருக்கின்றன. நான்காவது முறை எடுக்காதீர்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் ஒருமுறை பாருங்கள், மாதவிடாய் அதிகமாகப் போகும் 44 வயதில் படபடப்புக்கு இரத்தசோகையும் ஒரு காரணமாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரை மூளையைச் சுருக்கிவிடும் என்று செல்போனில் பார்த்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார் என்று மருந்துச் சீட்டில்லாமல் அல்பிரசோலம் என்ற அந்தத் தூக்க மாத்திரையை வாங்கி, அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகி எட்டு மாதம் விழுங்கியிருக்கிறீர்கள். சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடும் மருந்து அது. சீட்டில்லாமல் விற்றவர் செய்தது குற்றம். அதற்காக இதைப் படித்த வேகத்தில் அதை நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அறவே போய், உடல் நடுங்கி, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். உங்களுக்கு முறையாக எழுதித் தந்த மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிடாலோபிராமையோ பத்தே நாளில் ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிட்டீர்கள். அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றே கூடுதல் பதற்றமும் இருப்பது வழக்கம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், உங்களைப் போல நெடுநாள் அவதிப்பட்டவர்களுக்கு இன்னும் சற்று அதிகம். ஆயுள் முழுவதும் என்று யாரும் சொல்லவில்லை.

கவுன்சலிங் என்றால் அறிவுரை கேட்டுத் தலையாட்டுவது என்று நினைக்காதீர்கள். குடும்ப மருத்துவரின் சிறிய அறையிலேயே அதைத் தொடங்கலாம். கூட்டம் குறைந்த நேரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். போனதும் நெஞ்செரிச்சலில் ஆரம்பிக்காமல் எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை அவரிடம் முதலில் சொல்லுங்கள். கடந்த இரண்டு வாரத்து மனநிலை பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டு மதிப்பெண் போடுவார். பிறகு நீங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டவற்றைப் பட்டியலிடச் சொல்வார்: வாசலில் கோலம் போடுவது, குழுக் கூட்டம், வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவில். மனம் சரியானதும் போகலாம் என்று காத்திருந்தீர்கள், சிகிச்சையோ தலைகீழானது. மனம் வராவிட்டாலும், இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இன்னாருடன் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும், போய்வந்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். கடன் கவலையையும் மொத்தமாகச் சுமக்காமல், இந்த வாரம் யாரிடம் பேசி எந்தத் தவணையைத் தள்ளிவைக்க முடியும் என்ற ஒரே காரியமாகச் சுருக்க வேண்டும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே இத்தகைய சிகிச்சையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் தந்து, கடுமையான மனச்சோர்விலும் பலன் கிடைத்ததை 2017இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. உங்களுடையதைப் போன்ற நெடுநாள் சோர்வுக்கு மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை குடும்ப மருத்துவரைப் பாருங்கள், ஒருமுறையாவது கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆறாவது வாரம் அதே ஒன்பது கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்லி, மதிப்பெண் தெளிவாகக் குறையவில்லை என்றால், அவரிடமே கடிதம் வாங்கிக்கொண்டு ஸ்டான்லியின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். அந்தக் கடைசி வரி அதற்கு முன்பே வலுத்தால் ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.