ஹாப் பெல்லட்டுகளை எத்தனை நாள் ஊறவிட வேண்டும்?

பீருக்கு மணம் தரும் ஹாப் பூவின் பெல்லட்டுகளை 20 லிட்டருக்கு 100 கிராம் போட்டுப் பத்து நாள் ஊறவிட்டும் எதிர்பார்த்த மணம் எழவில்லை, பச்சைப் புல் வாடையே மிஞ்சியது. அடுத்த முறை அளவைக் கூட்டுவதா, நாளைக் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து.

லிட்டருக்கு 5 கிராம் என்பது குறைந்த அளவன்று. சுமார் 8 கிராமைத் தாண்டினால், சேர்க்கும் அளவுக்கு ஏற்ப மணம் கூடுவதில்லை. இலைச்சாறு போன்ற கரகரப்புதான் மேலோங்கும். நாள் கணக்கும் அப்படியே. பெல்லட் என்பது உலர்ந்த ஹாப் பூக்களை அரைத்து அழுத்திச் செய்தது. அரைக்கும்போதே எண்ணெய் அடங்கிய லுபுலின் சுரப்பிகள் உடைந்துவிடுவதால், பீரில் விழுந்ததும் அது தூளாகக் கரைந்து, முழுப் பூவைவிட மிக விரைவாக மணத்தை விட்டுக்கொடுக்கிறது. இரண்டு மூன்று நாளில் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்குப் பின் ஊறுவது தழைச் சத்து மட்டுமே. உங்கள் புல் வாடைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மணம் எழாததற்கு நான் முதலில் ஐயுறுவது ஆக்சிஜனைத்தான். நொதித்தல் அடங்கிய பின் மூடியைத் திறந்து பெல்லட்டுகளைக் கொட்டிக் கிளறினால், உள்ளே புகும் காற்று ஹாப் மணத்தைச் சில வாரங்களில் மழுங்கடித்துவிடும். நிறமும் கறுக்கத் தொடங்கும். ஆகவே, நொதித்தல் முடியும் தறுவாயில், ஈஸ்ட் இன்னும் சற்றே உழைத்துக்கொண்டிருக்கும்போது போடுங்கள். உள்ளே வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை ஈஸ்டே உறிஞ்சிக்கொள்ளும். கிளற வேண்டாம். துணிப் பையில் கட்டிப் போடுபவரானால், பெல்லட்டுகள் பல மடங்கு ஊதும் என்பதை நினைவில் கொண்டு பையைத் தளர்வாக விடுங்கள். இறுக்கிக் கட்டிய பையின் நடுவில் இருப்பது சரிவர நனைவதே இல்லை. (பெல்லட்டுகளைக் கிருமிநீக்கம் செய்யத் தேவையில்லை. வெந்நீரில் முக்கி எடுப்பவர்கள், காசு கொடுத்து வாங்கிய மணத்தைத் தாங்களே ஆவியாக்கிவிடுகிறார்கள்.)

இன்னொன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை, அடர்த்தி நிலைத்துவிட்டது, அதாவது நொதித்தல் முடிந்துவிட்டது என்று ஹைட்ரோமீட்டரில் (அடர்த்திமானி) உறுதிசெய்த பிறகே ஹாப்ஸ் போட்டு, மூன்றாம் நாள் நுரைக்காகச் சேர்க்கும் வழக்கமான அளவு சர்க்கரையுடன் புட்டிகளில் அடைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்த ஒவ்வொரு புட்டியும் பாதிக்கு மேல் நுரையாகப் பொங்கி வழிந்தது. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்களை (மாவுச்சத்தின் துண்டுகளை)ச் சிறு சர்க்கரைகளாக உடைத்துக் கொடுக்க, நொதித்தல் மறுபடியும் தொடங்கியிருக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று; 1893-இலேயே இங்கிலாந்தில் ஹோரஸ் பிரவுன், ஹாரிஸ் மாரிஸ் என்ற வேதியியலாளர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். எனவே ஹாப்ஸ் போட்ட பின்னும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அடர்த்தியை அளந்து, அது மாறவில்லை என்றும், மறு நொதித்தலில் எழக்கூடிய வெண்ணெய் வாடை ஏதுமில்லை என்றும் தெரிந்த பிறகே புட்டியில் அடையுங்கள். அழுத்தம் மிகுந்த கண்ணாடிப் புட்டி வெடித்தால் வீணாவது பீர் மட்டுமல்ல. இதற்காக ஓரிரு நாள் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தால், அந்த அளவுக்குப் புல் வாடை ஏறிவிடாது.

அளந்து முடித்ததும் கலனை ஓரிரு நாள் குளிரில் வைத்தால் தூள் அடியில் படியும். மீதமுள்ள பெல்லட்டுகளைக் காற்று நீக்கிய உறையில் உறைபெட்டியில் வையுங்கள். பொட்டலத்தைத் திறந்ததும் பாலாடைக்கட்டி போல் நாறினால் அதைப் பீரில் போடாதீர்கள்.